சூடான எஞ்சினை மீண்டும் கிளப்பினால் ஐடிலிங் தடுமாறுகிறது

கேள்வி:
என்னிடமுள்ள 1982ஆம் ஆண்டு போர்ஷே 911 எஸ்சி காலையில் குறையின்றிக் கிளம்புகிறது. ஆனால் ஓட்டிவிட்டு அரை மணி நேரம் நிறுத்திய பின் கிளப்பினால், ஐடிலிங் (வண்டி நிற்கையில் எஞ்சின் மெதுவாக ஓடுவது) ஏறி இறங்கிக் குலுங்கி, சிறிது நேரம் கழித்தே சீராகிறது. ஸ்பார்க் பிளக்குகள் புதியவை. எங்கிருந்து தேடத் தொடங்கலாம்?

பதில் 1:
பிளக்குகளை விட்டுவிட்டுப் பெட்ரோல் அழுத்தத்தைப் பாருங்கள். உங்கள் காரிலுள்ள கே-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் செலுத்தும் முறையில், எஞ்சின் நின்ற பிறகும் குழாய்களில் அழுத்தம் தங்கியிருந்தால்தான் எஞ்சின் அறையின் வெப்பத்தில் பெட்ரோல் ஆவியாகாமல் இருக்கும். அதைக் காப்பவை, பெட்ரோல் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் பம்பிலுள்ள செக் வால்வும், அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் சிறு கலனான ஃப்யூயல் அக்யுமுலேட்டரும்தான். அக்யுமுலேட்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் சிறு ஹோஸைக் கழற்றிவிட்டுப் பம்பை ஓடவிடும்போது அக்யுமுலேட்டரின் அந்த முனையிலிருந்து பெட்ரோல் வந்தால், உள்ளேயுள்ள டயாஃப்ரம் என்ற நெகிழும் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே இதைச் செய்யுங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பதில் 2:
எனக்கும் அதே சந்தேகம்தான். எனினும் காசைச் செலவழிக்கும் முன் ஒன்று: எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கையில் ஆயில் மூடியைத் திறந்தால், அது தடுமாறவோ நிற்கவோ வேண்டும். எந்த மாற்றமும் இல்லையென்றால், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போன்ற ஏதோ ஓரிடத்தில் ஏற்கெனவே காற்று கசிகிறது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மூடியைத் திறந்ததும் எஞ்சின் நின்றது. ஹோஸைக் கழற்றியபோது பெட்ரோல் சொட்டியது. புதிய அக்யுமுலேட்டருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன்.