1918 பம்பாய் சவரன்: தங்க விலைக்கு மேல் கொடுத்து வாங்கலாமா?

காசுமாலைப் பேரன்:
பாட்டியின் காசுமாலையைப் பிரித்துப் பங்கு போட்டதில் என் பங்குக்கு நான்கு காசு வந்தது. எல்லாம் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட சவரன், அதாவது பிரிட்டிஷ் தங்கக் காசு. ஒன்றில் மட்டும் 1918 என்ற வருடத்துக்குச் சற்று மேலே, பின்பக்கப் படத்தில் குதிரை நிற்கிற தரையில், பொடியாக ஆங்கில 'ஐ' எழுத்து. பம்பாயில் அடித்ததாம், அந்த ஒரு வருடக் காசோடு சரியாம். அதிலிருந்து பித்துப் பிடித்துவிட்டது. இப்போது ஒரு வியாபாரி இதே மாதிரி ஒன்று வைத்துக்கொண்டு, தங்க விலைக்கு மேல் கால் பங்கு கூடுதலாகக் கேட்கிறார், "இனி வராத காசு தம்பி" என்கிறார். சீட்டுப் பணம் கையில் இருக்கிறது. வாங்கலாமா?

உரைகல்:
கால் பங்கா? வேண்டாம். ஒரே வருடம் என்பது சரிதான், ஆனால் அந்த ஒரு வருடக் காசே ஏறத்தாழ 13 லட்சம். முதல் உலகப் போரில் தங்கத்தைக் கப்பலில் லண்டனுக்கு அனுப்புவது ஆபத்து என்று பிரிட்டிஷ் அரசின் நாணயச் சாலையான ராயல் மிண்ட் பம்பாயிலேயே கிளை திறந்து அடித்தது, 1919-ல் மூடிவிட்டது. நம் வீடுகளில் இன்னும் நிறையவே இருக்கிறது. அப்புறம், அந்த 'ஐ' முத்திரை 2013-ல் எலிசபெத் தலையோடு இந்தியாவில் திரும்பவும் வந்தாயிற்று. நிஜமாகவே அரிது என்றால் 1917 லண்டன் காசு. பத்து லட்சம் அடித்தும் பெரும்பாலானவை உருகிப் போய்விட்டன. அதற்குப் போலியும் அதிகம், தெரியாமல் கை வைக்காதீர்கள்.

பழங்காசு:
எடை பார்த்தீர்களா? நாம் பவுன் என்றால் 8 கிராம் என்போம், அசல் சவரன் 7.988 கிராம், 22 கேரட், விட்டம் 22 மில்லிமீட்டர். தேய்ந்த காசு கொஞ்சம் குறையும், ஆனால் கூடக் கூடாது. கூடினால் எங்கேயோ பற்றவைத்திருக்கிறார்கள். நான் அப்படி ஏமாந்தவன்: ராஜா தலைக்கு நேர் மேலே விளிம்பில் லேசாக ஒரு மேடு, மாலைக்கு வளையம் வைத்து எடுத்த தடம், வாங்கும்போது கவனிக்கவில்லை. விற்கப் போனால் நகை விலைதான் கிடைத்தது, அதிலும் கழிவு. பெய்ரூட் பக்கம் அடித்த போலிகளில் தங்கம் சரியாகவே இருக்கும், அதனால் உரசிப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. எழுத்துகள் மழுங்கலாக இருக்கும், லென்ஸ் வைத்துப் பாருங்கள். உங்கள் காசுக்குத் தயவுசெய்து மெருகு போட்டுவிடாதீர்கள்.

வக்கீல் மாமா:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நூறு வருடம் தாண்டிய நாணயம் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. ஆகவே லண்டன் ஏல விலையைக் காட்டி யாராவது ஆசை காட்டினால் காதில் வாங்காதீர்கள். உங்களுக்குச் சந்தை உள்ளூர்தான்.

காசுமாலைப் பேரன்:
நன்றி அண்ணா, எல்லாருக்கும். இன்று தராசும் லென்ஸும் எடுத்துக்கொண்டு போனேன். வியாபாரியின் காசு 8.06 கிராம் காட்டியது. தலைக்கு மேலே அந்த மேடும் இருக்கிறது. "அது பழைய காசுன்னா அப்படித்தான் தம்பி" என்றார், ஆனால் விலையைப் பத்து சதவீதத்துக்கு இறக்கிவிட்டார். வீட்டுக்கு வந்து என் காசையும் தராசில் வைத்தேன், 8.04. பாட்டி மாலையாகப் போட்டிருந்தாளே, வேறு எப்படி இருக்கும்!