ஊர் ஒப்புக்கொள்ள வேண்டுமா, மனசு சொன்னால் போதுமா?

மண்டபம் பொண்ணு:
பட்டம் முடித்துவிட்டு வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் மூங்கில் மிதவை கட்டிக் கப்பாபைகஸ் என்ற கடல்பாசி வளர்க்கிறேன். 45 நாளுக்கு ஒரு அறுப்பு. கடன் இல்லாமல் ஓடுகிறது. ஆனால் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் "இதுக்கா படிச்சே?" என்று கேட்கிறார்கள். அம்மா முகம் வாடிவிடுகிறது. நான் செய்வது சரி என்று எனக்குத் தெரியும். இனி யாருக்கும் விளக்கம் சொல்லப் போவதில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சின்னப்பாலம் அக்கா:
சொல்லாதே தங்கச்சி. எங்கள் பக்கத்துப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் முங்கிப் பாசி எடுத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். பாசி அழிந்துவிடக் கூடாது என்று மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பதாக அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊர் லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது வந்தது 2015இல். அதற்காகவா முங்கினார்கள்?

பாம்பன் தம்பி:
அக்கா, அந்தக் கட்டுப்பாடு ஒருத்தி மனசுக்குள் மட்டும் இருந்திருந்தால் நின்றிருக்குமா? கூடிப் பேசி எல்லோரும் ஒப்புக்கொண்டதால்தான் நின்றது. "என் உண்மை எனக்குப் போதும்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய பிறகும் "என் கணிப்பு தப்பாது" என்று கடலுக்குக் கிளம்புகிறவரை என்ன சொல்வீர்கள்?

சின்னப்பாலம் அக்கா:
கூண்டும் பந்திப் பேச்சும் ஒன்றா தம்பி? கூண்டு ஏற்றுகிறவர்கள் காற்றைக் கணக்கிட்டுத்தான் ஏற்றுகிறார்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே கேள்வி கேட்கிறவருக்குப் பாசியைப் பற்றி என்ன தெரியும்?

கீழக்கரை குளியாள்:
அப்படியென்றால் தெரிந்தவர்கள் சொல்வதையாவது கேட்க வேண்டும் இல்லையா? இதே கப்பாபைகஸ் குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் 2008இல் எழுதினார்கள். பவளம் உயிருள்ள பொருள். பாசி போர்வை மாதிரி மூடினால் வெளிச்சம் இல்லாமல் செத்துப்போகும். மிதவை மேல் நிற்கிறவருக்கு அது தெரியாது. பணம் சரியாக வரும், மனசும் சரி என்று சொல்லும், அடியில் பவளம் செத்துக்கொண்டிருக்கும். சங்குக்கு முங்குகிறவன் நான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மண்டபம் பொண்ணு:
அண்ணே, குருசடை இருப்பது தென்கடலில் (மன்னார் வளைகுடா). நான் போட்டிருப்பது வடகடலில்.

கீழக்கரை குளியாள்:
வடகடலிலும் மண்டபம் கரையோரம் பவளத்திட்டு உண்டும்மா. அறுந்த துண்டு ஒன்று போதும், ஒதுங்கிய இடத்தில் வளர்ந்துவிடும். உன் மிதவைக்குக் கீழே கடைசியாக யார் முங்கிப் பார்த்தது?

மண்டபம் பொண்ணு:
யாரும் பார்த்ததில்லை. மீன் கடிக்காமல் இருக்க அடியில் வலை கட்டியிருக்கிறோம், வாடைக்காற்றில் அதுவும் கிழிகிறது. குழுவில் பேசி ஆள் இறக்கிப் பார்க்கிறேன். உறவுக்காரர்களுக்கு விளக்கம் சொல்ல மாட்டேன் என்பதில் மட்டும் மாற்றம் இல்லை.

பாம்பன் தம்பி:
அம்மாவுக்கு? பந்தியில் முகம் வாடுவது அவருக்குத்தானே. அவரையும் ஊரோடு சேர்த்து ஒதுக்கினால் அது நியாயமே இல்லை.

சின்னப்பாலம் அக்கா:
அம்மாவிடம் சொல், அதில் தம்பியோடு ஒத்துப்போகிறேன். ஆனால் அவர் சரி என்று சொல்லும் வரை அறுப்பைத் தள்ளிப்போடாதே. நாள் தாண்டினால் பாசி கனத்து ஒடியும். அப்புறம் அண்ணன் சொன்ன துண்டு அங்கிருந்துதான் கிளம்பும்.