அமெரிக்க அரச முடக்கத்துக்குப் பின் வரும் சி-டிபாட் தள ஆய்வு: திருகோணமலைத் தொழிற்சாலை எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: உப்புவெளி வாசகி

வணக்கம். திருகோணமலை மாவட்டத்தில் உள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவில் பணியாற்றுகிறேன். எங்கள் கொள்வனவாளர், விநியோகச் சங்கிலிப் பாதுகாப்புக்காக அமெரிக்கச் சுங்கம் நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தும் சி-டிபாட் (CTPAT) திட்டத்தில் உறுப்பினர். 2025 ஒக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அமெரிக்க அரசு முடங்கியிருந்த 43 நாள்களில், எங்களிடம் நடக்கவிருந்த தள ஆய்வு தள்ளிப்போய்விட்டது. புதிய திகதி விரைவில் வரும் என்று இப்போது எழுதியிருக்கிறார்கள். நவம்பர் இறுதியில் டித்வா புயலால் எங்கள் லொறிகள் சில வேறு பாதையால் சென்றன. ஆய்வாளர் முதலில் எதைக் கேட்பார்?

பதில்: கொட்டியாரக்குடா

ஆய்வுக்கு உட்படுவது உங்கள் கொள்வனவாளரின் விநியோகச் சங்கிலி. அதில் நீங்கள் ஒரு கண்ணி. வெளிநாட்டு உற்பத்தியாளர்களில் மெக்சிக்கோ, கனடா நாட்டினரே நேரடியாக உறுப்பினராகலாம். ஆகவே, கொள்வனவாளர் அமெரிக்கச் சுங்கத்துக்குச் சமர்ப்பித்த பாதுகாப்பு விவரத்தில் உங்கள் தொழிற்சாலையைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலில் கேட்டு வாங்குங்கள். அதைப் படித்துவிட்டு வரும் ஆய்வாளர், எழுதியதும் நடப்பதும் ஒன்றா என்றுதான் பார்ப்பார். முடக்க நாள்களிலும் அமெரிக்கத் துறைமுகங்களில் சுங்க அதிகாரிகள் பணியில் இருந்தார்கள், சரக்கும் சென்றது; அந்த வாரங்களின் பதிவேடுகளுக்கு விலக்குக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

பதில்: கன்னியா வீதி

என் அனுபவத்தில் திருகோணமலைக்காரருக்குக் கடினமானது தொழிற்சாலை மதிலுக்கு வெளியேதான் இருக்கிறது. வெற்றுக் கொள்கலன் கொழும்பிலிருந்து சுமார் 260 கிலோமீற்றர் ஓடி வருகிறது. நிரம்பியபின் அதே தூரம் திரும்பிப் போகிறது. வந்தவுடன் முன்சுவர், இடப்பக்கம், வலப்பக்கம், தளம், கூரை, கதவுகளின் உட்புறமும் வெளிப்புறமும், அடிச்சட்டம் ஆகிய ஏழு இடங்களையும் பார்த்துப் பதிய வேண்டும். பொய்ச்சுவரும் பொய்த்தளமும் ஒளித்து வைப்பதற்கான பழைய வழிகள் என்பதால், உள்நீளத்தை அளந்து பார்ப்பது வீண்வேலை ஆகாது. மண், விதை, பூச்சி ஒட்டியிருக்கிறதா என்பதும் 2020இல் நடைமுறைக்கு வந்த புதிய அளவுகோல்களில் அடங்கும்.

கொள்கலன் கதவைப் பூட்டும் சீல், கொள்கலன் சீல்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17712இன்படி இருக்க வேண்டும். பூட்டியவர் அதை உற்றுப் பார்த்து, எண்ணை ஆவணத்தோடு ஒப்பிட்டு, இழுத்தும் திருகியும் சோதித்தாரா என்று ஆய்வாளர் காவலாளியிடமே கேட்கக்கூடும். முகாமையாளர் மட்டும் விடை தெரிந்து வைத்திருப்பதில் பயனில்லை.

ஹபரணையிலோ தம்புள்ளையிலோ சாரதி சாப்பிட நிறுத்துவது இயல்புதான். ஆனால் எங்கே, எவ்வளவு நேரம், கொள்கலனை யார் பார்த்துக்கொண்டார் என்பது ஜிபிஎஸ் பதிவோடு பொருந்த வேண்டும். புயல் நாள்களில் பாதை மாறியதற்கு வீதி மூடப்பட்ட அறிவித்தல், சாரதியின் அழைப்புகள், ஜிபிஎஸ் தடம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு குறிப்பு எழுதி இன்றைய திகதியிட்டு வையுங்கள். பழைய திகதியிட்டுப் படிவம் நிரப்பும் எண்ணம் யாருக்காவது இருந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். விடுபட்ட படிவத்துக்கு விளக்கம் சொல்லலாம், புனைந்த படிவத்துக்குச் சொல்ல முடியாது.

பதில்: ஆலடிச்சந்தி

கணினிப் பக்கத்தையும் மறக்க வேண்டாம். பலர் ஒரே கணக்கைப் பயன்படுத்தக் கூடாது. வேலையை விட்டுச் சென்றவர்களின் கணக்கு, அடையாள அட்டை, திறப்பு ஆகியவை மீளப் பெறப்பட்டதற்கான பதிவு வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. வழியில் அதிகாரிகள் சோதனைக்காகச் சீலை வெட்டினால் என்ன செய்வது?

பதில்: கன்னியா வீதி

சாரதி உடனே உங்களுக்கு அறிவிக்க வேண்டும். வெட்டியது எந்தப் பிரிவு, எங்கே, எத்தனை மணிக்கு என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். வெட்டிய சீலையும் புதிய சீலையும் எண் தெரியப் படம் எடுக்கட்டும். சரக்கு கப்பலேறுமுன் புதிய எண்ணைக் கொள்வனவாளருக்கும் கப்பல் முகவருக்கும் அறிவித்து, ஆவணங்களிலும் திருத்துங்கள். மாற்றுச் சீலைச் சாரதியிடம் கொடுத்தனுப்பினால், அதன் எண் உங்கள் சீல் பதிவேட்டில் அவர் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். பயன்படாமல் திரும்பினால் அதுவும் பதியப்பட வேண்டும்.