ஈ1 பிஆர்ஐ: இன்கமிங் வருகிறது, அவுட்கோயிங் போகவில்லை (அவசரம்)

தந்திக்கம்பம்: இன்றுதான் ஈ1 பிஆர்ஐ லைன் (ஒரே லைனில் பல கால்கள் போகும் டிஜிட்டல் டெலிபோன் லைன்) கொடுத்தார்கள். இன்கமிங் வருகிறது, தெளிவாகப் பேச முடிகிறது. வெளியே அடித்தால் உடனே கட். சிஸ்கோ ரவுட்டர், கன்ட்ரோலர் (ஈ1 லைன் சேரும் போர்ட்) அப். டயல்-பியரை (எந்த நம்பரை எந்தப் போர்ட்டில் அனுப்புவது என்ற விதி) மூன்று முறை மாற்றியாச்சு. சீக்கிரம் சொல்லுங்க.

செம்புக்கம்பி: எந்த மாடல், எந்தக் கார்டு? எத்தனை சானல் (ஒரு சானலில் ஒரு கால்)? ரவுட்டர் எந்தச் சானல்களைப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் பிரி-குரூப் வரி என்ன? 'ஷோ ஐஎஸ்டிஎன் ஸ்டேட்டஸ்' போட்டால் லேயர் 2 (எக்ஸ்சேஞ்சோடு சிக்னலிங் இணைப்பு) என்ன சொல்கிறது?

அலைவரிசை: காரணம் சிஆர்சி4தான், அதாவது லைனில் போகும் ஃபிரேம்களின் பிழை சரிபார்ப்பு. சிஸ்கோவில் ஈ1 ஃபிரேமிங் இயல்பாகவே சிஆர்சி4. எக்ஸ்சேஞ்சில் அது இல்லையென்றால் 'ஃபிரேமிங் நோ-சிஆர்சி4' போடணும்.

பழையமுனை: கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள். இன்கமிங்கில் பேச முடிகிறது என்றாலே ஃபிரேமிங், எச்டிபி3 (லைன் கோடிங்), டி-சானல் (சிக்னலிங் சானல்) எல்லாம் சரி. கேட்டவருக்கும் சொல்கிறேன்: கன்ஃபிக் இல்லாமல் 'சீக்கிரம்' என்றால் ஜோசியம்தான் பார்க்கணும். 'டிபக் ஐஎஸ்டிஎன் கியூ931' ஓடவிட்டு ஒரு கால் அடியுங்கள். கால் ஏன் கட் ஆனது என்று சொல்லும் காஸ் கோடு வேண்டும்.

தந்திக்கம்பம்: 2911, பிவிடிஎம்3-64 (குரலைக் கையாளும் மாட்யூல்). பிரி-குரூப் டைம்ஸ்லாட்ஸ் 1-31. லேயர் 2 எஸ்டாப்ளிஷ்டு. காஸ் 82ஏசி. வாங்கியது 10 சானல்தான், அது முக்கியமா?

செம்புக்கம்பி: அதுதான் விஷயமே! ஹெக்ஸ் ஏசியில் மேல் பிட்டை எடுத்தால் 2சி, அதாவது டெசிமலில் 44: கேட்ட சானல் இல்லை. சிஸ்கோ அவுட்கோயிங்குக்கு மேலிருந்து கீழே சானல் பிடிக்கும். முதலில் கேட்பது 31. அது உங்களுடையது இல்லை. இன்கமிங்கில் சானலை எக்ஸ்சேஞ்ச் தேர்ந்தெடுப்பதால் தப்பித்தது.

கொடுத்த 10ம் 1 முதல் 10 வரைதானா என்று லைன் கொடுத்தவரிடம் உறுதி செய்யுங்கள். கன்ஃபிக்கை நகல் எடுங்கள். டயல்-பியரில் போர்ட் வரியை நீக்கி, வாய்ஸ்-போர்ட் 0/0/0:15, சீரியல் 0/0/0:15 (டி-சானலின் இன்டர்ஃபேஸ்) இரண்டையும் ஷட் செய்தபின் 'நோ பிரி-குரூப்'. பிறகு 'பிரி-குரூப் டைம்ஸ்லாட்ஸ் 1-10,16'. சீரியலில் கையால் போட்ட வரிகள் போயிருக்கும், திரும்பப் போடணும். ஓடும் கால்கள் அறுந்துவிடும். ஆபீஸ் முடிந்தபின் செய்யுங்கள்.

அதுவரை சீரியலில் 'ஐஎஸ்டிஎன் பிசான்-நம்பர்-ஆர்டர் அசெண்டிங்' (கீழிருந்து மேலே சானல் பிடிப்பது) தாங்கும். பத்தும் ஓடும்போது பதினோராவது கால் அதே 44ல் விழும்.

அலைவரிசை: 10தானே வாங்கினார், 16 எதற்கு? போர்ட் பெயரே :15 என்கிறதே.

பழையமுனை: 16 டி-சானல், சிக்னலிங் அதில்தான். பெயரில் எண்ணிக்கை 0லிருந்து தொடங்குவதால் :15. 24 ஸ்லாட் உள்ள டி1 லைனில் 24வது ஸ்லாட் :23 ஆவதும் இதனால்தான்.

அலைவரிசை: சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'நெட்வொர்க்-கிளாக்-பார்ட்டிசிபேட் விக் 0' (லைனின் கிளாக்கை ரவுட்டரும் பின்பற்ற வைப்பது) இல்லையென்றால் ஸ்லிப் (கிளாக் பொருந்தாமல் ஃபிரேம் தவறுவது) ஏறும். ஃபேக்ஸ் பாதியில் நிற்கும்.

பழையமுனை: அது வேறு நோய். 'ஷோ கண்ட்ரோலர்ஸ் ஈ1'ல் ஸ்லிப் செகண்ட் 0 என்றால் கிளாக்கைத் தொடவே வேண்டாம்.

செம்புக்கம்பி: நாளை இரண்டாவது கம்பெனி லைன் வந்தால்? அன்று ரவுட்டர் எந்த லைனின் கிளாக்கைப் பிடிப்பது என்று 'நெட்வொர்க்-கிளாக்-செலக்ட்' போட்டே ஆகணும். இப்போதே பார்ட்டிசிபேட் போட்டுவைப்பதில் தப்பில்லை.

தந்திக்கம்பம்: 1-10,16 போட்டேன். போகிறது. நன்றி.

செம்புக்கம்பி: கன்ஃபிக்கைச் சேமிக்க ரைட் மெமரி போட்டீர்களா?