புதிய கார்டு ஸ்லாட்டில் பொருந்திவிட்டது, திரைதான் வரவில்லை

சுண்டெலி:
வணக்கம். என்னிடம் இருப்பது பழைய 15 அங்குல வொர்க்ஸ்டேஷன் மடிக்கணினி. உள்ளே என்விடியாவின் குவாட்ரோ கே1100எம் கிராபிக்ஸ் கார்டு, 2 ஜிபி. வீடியோ எடிட் செய்யும்போது கிராபிக்ஸ் மெமரி போதவில்லை என்று அடிக்கடி நின்றுவிடுகிறது. அதனால் ஒருவர் பயன்படுத்திய குவாட்ரோ எம்2000எம், 4 ஜிபி கார்டை வாங்கினேன். ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்தது, திருகுத் துளைகளும் ஒத்துப்போயின. பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. பத்து நிமிடம் விட்டும் பார்த்தேன். பழைய கார்டைத் திரும்ப மாட்டினால் எதுவுமே நடக்காதது போல விண்டோஸ் வருகிறது. வாங்கிய கார்டு செத்ததா, நான் எதையாவது விட்டுவிட்டேனா?

நத்தைக்கூடு:
மடிக்கணினியில் கிராபிக்ஸ் மாற்ற முடியாது நண்பரே. சிப்பை மதர்போர்டிலேயே சோல்டர் செய்திருப்பார்கள்.

சுண்டெலி:
அப்படியானால் நான் எதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன்? சிப்பின் சூட்டை இழுக்கும் உலோகமான ஹீட்சிங்கின் நான்கு திருகு, அப்புறம் கார்டின் இரண்டு திருகு. எடுத்ததும் கார்டு ஒரு பக்கம் தானாக எழும்பி நிற்கிறது.

ஆறாம்விரல்:
நத்தைக்கூடு சொல்வது பெரும்பாலான மடிக்கணினிகளுக்குச் சரி. உங்களுடையது எம்எக்ஸ்எம், அதாவது கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி மாட்டக்கூடிய ஸ்லாட் உள்ள வகை. அதில் டைப் ஏ கார்டு 82×70 மிமீ, டைப் பி 82×105 மிமீ. உங்கள் இரண்டு கார்டும் டைப் ஏ என்பதால்தான் பொருந்தியது. ஜிடிஎக்ஸ் 970எம் போல டைப் பி வாங்கியிருந்தால் 35 மிமீ நீட்டிக்கொண்டு நின்றிருக்கும்.

ஆனால் ஸ்லாட்டில் பொருந்துவது பாதி வேலைதான். மடிக்கணினித் தயாரிப்பாளர்கள் தாங்கள் விற்ற கார்டுகளை மட்டும் மனதில் வைத்துத்தான் பயாஸை, அதாவது பவர் போட்டதும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் மென்பொருளை, எழுதுகிறார்கள். சில பயாஸ்கள் தெரியாத கார்டைக் கண்டால் மேலே நகரவே நகராது. சிலவற்றில் கணினி உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும், திரைக்குப் படம் மட்டும் போகாது. உங்களுடையது எது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பழைய கார்டு மாட்டியிருக்கும்போதே பயாஸுக்குள் போய் ஸ்விட்சபிள் கிராபிக்ஸை ஆன் செய்யுங்கள். அப்போது திரையைப் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பார்த்துக்கொள்ளும், கார்டு பின்னால் கணக்குப் போடும் வேலையை மட்டும் செய்யும். சேமித்து அணைத்துவிட்டு, அடாப்டரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள். இந்த வரிசை முக்கியம். கறுப்புத் திரையில் பயாஸ் மெனுவைத் தேட முடியாதல்லவா.

அடாப்டர் எத்தனை வாட்?

சுண்டெலி:
150. இன்றிரவு செய்து பார்க்கிறேன்.

ஆறாம்விரல்:
போதும். கே1100எம் 45 வாட், எம்2000எம் 55 வாட். 10 வாட்தான் கூடுகிறது.

மின்மினி:
இவ்வளவு பாடு எதற்கு? வெளியே ஒரு பெட்டியில் டெஸ்க்டாப் கார்டை வைத்து கேபிளில் இணைத்துவிடலாமே.

ஆறாம்விரல்:
வெளிக் கார்டை இணைக்கும் அளவுக்கு வேகமான தண்டர்போல்ட் 3 போர்ட் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இந்த வயது மடிக்கணினியில் இருந்தால் எக்ஸ்பிரஸ்கார்டு என்ற பழைய ஸ்லாட்தான் இருக்கும். தரவு போக ஒரே லேன் (பாதை), அதிகபட்சம் நொடிக்கு 500 எம்பி. பெரிய கார்டை வாங்கி வாசலில் நிற்க வைத்த கதைதான்.

சுண்டெலி:
வந்துவிட்டது! விண்டோஸ் திறந்தது. ஆனால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம். என்விடியா தளத்திலிருந்து டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) இறக்கினால், பொருத்தமான ஹார்டுவேர் இல்லை என்று நிறுவ மறுக்கிறது. கண்ணெதிரே இருக்கும் கார்டு அதற்கு மட்டும் தெரியவில்லை.

ஆறாம்விரல்:
கார்டு பிழைத்தது, சந்தோஷம். டிரைவரோடு வரும் ஐஎன்எஃப் கோப்பில் எந்தக் கார்டு எந்த மடிக்கணினியில் வரும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. உங்கள் ஜோடி அதில் இல்லை. டிவைஸ் மேனேஜரில் ஹார்டுவேர் ஐடியைப் பார்த்து, அதே கார்டுக்கான வரியை நகலெடுத்து, கடைசியில் மடிக்கணினியைக் குறிக்கும் எண்ணை மட்டும் உங்களுடையதாக மாற்றுங்கள். கோப்பைத் தொட்டதும் டிஜிட்டல் கையொப்பம் செல்லாது. ஆகவே விண்டோஸின் கையொப்பச் சோதனையை அந்த ஒரு முறை நிறுத்திவிட்டு நிறுவ வேண்டும். டிரைவரை அப்டேட் செய்யும்போதெல்லாம் இதே வேலைதான், அலுப்பாகத்தான் இருக்கும்.

சுண்டெலி:
நிறுவிவிட்டேன், 4 ஜிபி காட்டுகிறது. நேற்று நின்றுபோன அதே புராஜெக்ட் நிற்காமல் ரெண்டர் ஆனது. ஒரே குறை, சூடு 91 டிகிரி வரை ஏறுகிறது. பழையது 78 தாண்டியதில்லை. சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே வைக்கும் பேஸ்ட் புதிதாகத்தான் தடவினேன்.

மின்மினி:
மெமரி சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே இருக்கும் மெத்தையான தெர்மல் பேடைப் பார்த்தீர்களா? கார்டு மாறினால் மெமரி சிப்பின் இடமும் உயரமும் மாறலாம். பேடு தடிமனாக இருந்தால் ஹீட்சிங்கைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும், நடு சிப்பில் அழுத்தமாக உட்காராது. கழற்றி பேஸ்ட் எப்படிப் பரவியிருக்கிறது என்று பாருங்கள்.

சுண்டெலி:
அதேதான். சிப்பின் ஒரு மூலையில் மட்டும் பேஸ்ட் நசுங்கியிருந்தது, மற்ற இடத்தில் நான் வைத்த பொட்டு அப்படியே இருந்தது. 1 மிமீ பேடை எடுத்துவிட்டு 0.5 மிமீ வைத்தேன். இப்போது மெமரி சிப்புகளின் தடமும் பேடில் நன்றாகப் பதிகிறது. ஒரு மணி நேர ரெண்டரில் 80.

நத்தைக்கூடு:
மாற்ற முடியாது என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் மடிக்கணினியையும் திறந்து பார்த்தேன். சோல்டர்தான்.