கார்த்திகையில் மூன்றடியில் தண்ணீர், அங்கே உறிஞ்சுகுழியா?

கடலோரத்தான்: நேற்று ஒருவர் இங்கே எழுதியது: "கடற்கரை ஊருக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வீண்செலவு. கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி வீட்டுக்கு ஒன்று போதும், மணலே வடிகட்டிவிடும்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. சேதுக்கரைப் பக்கம் எங்கள் ஊரில் கார்த்திகையில் மூன்றடி தோண்டினால் தண்ணீர். குழியே தண்ணீருக்குள் நிற்கும்போது மணல் எதை வடிகட்டும்? கிருமி சாக வேண்டுமென்றால் குழிக்குக் கீழே காய்ந்த மண் வேண்டும். கழிவிலிருந்து வரும் நைட்ரேட் என்ற உப்பு மணலில் தங்காது. நிலத்தடி நீரோடு கடலுக்குப் போய்விடும்.

வைகைக்கரை: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டுங்கள். மூன்றடியாம்! சித்திரையில் அதே மணலில் பத்தடி ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடித்து வளர்ந்தவன் நான்.

கடலோரத்தான்: சித்திரையில் பத்தடி இருக்கட்டும். அடைமழைக் காலத்தில் குழியைத் தூக்கி வேறெங்காவது வைப்பீர்களா? மூன்றடி.

பாசிக்காரி: தம்பி, இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி எடுக்கிறவள் கேட்கிறேன். குழி வேண்டாம், சரி. வேறு என்னதான் வழி?

கடலோரத்தான்: அக்கா, ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர் தண்ணீர் என்பது ஜல் ஜீவன் குழாய்நீர்த் திட்டக் கணக்கு. அதில் 80 சதவீதம் கழிவுநீராகும் என்று வைத்தால் 300 பேருக்கு 13,200 லிட்டர். அடியும் சுவரும் கசியாமல் பூசிய தொட்டியில் கசடு தங்கும். மேல்நீரை ஜல்லிப் படுகைக்குள் விட்டுச் சம்பங்கோரை நட்டால், வேருக்கும் கல்லுக்கும் நடுவே ஊர்ந்து தெளிந்து வரும், தென்னைக்கு விடலாம். சரிவு இருந்தால் மோட்டாரே வேண்டாம். எதிரே இருப்பது 1986-இல் தேசியப் பூங்காவான மன்னார் வளைகுடா. நைட்ரேட் போன்ற சத்து கடலில் மிகுந்து பவளத்தின் மேல் பாசி மூடினால் பவளம் சாகும். பூங்காவின் 21 தீவில் இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன.

வைகைக்கரை: அந்தத் தீவுகள் போனது பவளப்பாறையை வெட்டி எடுத்ததால். அதையும் எங்கள் கக்கூஸ் கணக்கில் எழுதாதீர்கள். கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசியை வளர்ப்பது பற்றிய விவாதத்திலும் இப்படித்தான், எல்லாவற்றுக்கும் பவளம் பவளம் என்று ஊரைப் பயமுறுத்தினீர்கள்.

பாசிக்காரி: கப்பாபைகஸை ஏன் இழுக்கிறீர்கள்? எத்தனை பெண்கள் அதை நம்பிக் குடும்பம் நடத்துகிறோம் தெரியுமா?

கடலோரத்தான்: பூங்காவின் குருசடைத் தீவில் பவளத்தின் மேல் அது படர்ந்தது உண்மை அக்கா. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

பாசிக்காரி: அப்போ நானும் உங்களுக்குக் குற்றவாளிதான். நல்லது.

கீழக்கரையான்: பெரிய ஊர்ச் சாக்கடை வாறுகால்கள் நேராகக் கடலில் விழுகின்றன. அதைக் கேட்க ஆளில்லை, 300 பேர் குடியிருப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

கடலோரத்தான்: காக்கா (அண்ணே), அதையும் கேளுங்கள், கூட வருகிறேன். அதற்காக இங்கே மூன்றடித் தண்ணீருக்குள் மலக்குழி தோண்டலாம் என்று ஆகிவிடுமா?

வைகைக்கரை: பத்தடி. அப்புறம், உங்கள் தொட்டி நிரம்பினால்? லாரிக்காரன் உறிஞ்சிக்கொண்டு போய் ராத்திரியில் ஓடையில் விடுவான். அந்த ஓடை எந்தக் கடலில் சேருகிறது?

கடலோரத்தான்: கொண்டுபோய்க் கொட்ட முறையான இடம் கேட்க வேண்டும், அதற்காகத் தொட்டியே வேண்டாம் என்பீர்களா? குழியிலிருந்து தினமும் கசிவதை எந்த லாரி அள்ளும்? உங்கள் பத்தடியை மழைக்காலத்தில் காட்டுங்கள்.

வைகைக்கரை: லாரிக்கு யார் காசு கொடுப்பது?

கடலோரத்தான்: ஊராட்சி.

வைகைக்கரை: தெருவிளக்கு எரிய வைக்கவே முடியாத ஊராட்சியா? சரி, எழுதிக்கொண்டே இருங்கள்.