வாய்க்காலுக்கு மேற்கே பழைய வீடு: இடிக்கவா, சரிபண்ணவா?

வாய்க்கால்மேற்கு:
புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் எங்கள் பூர்வீக வீடு. திண்ணை, முன்னால் தெருவை ஒட்டி மரத்தூண் தாழ்வாரம், உள்ளே முற்றம். இரண்டு தூண்களின் அடியைக் கரையான் அரித்துவிட்டது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது. மேஸ்திரி சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார். அண்ணனோ இடித்துவிட்டு மூன்று மாடி கட்டலாம் என்கிறார். கடற்கரைப் பக்கத்து பிரெஞ்சு வீட்டுக்கு இருக்கும் மவுசு இதற்கு ஏது என்பது அவர் கட்சி.

காரைப்பூச்சு:
சிமெண்ட் வேண்டவே வேண்டாம். செங்கல் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு இன்னும் மேலே ஏறும். உதிர்ந்ததைச் சுரண்டிவிட்டு சுண்ணாம்புக் காரையே பூசுங்கள். தூணை முழுசாக மாற்ற வேண்டாம். அரித்த அடியை மட்டும் அறுத்து, தேக்குத் துண்டு ஒட்டுப்போட்டு, கீழே கருங்கல் கொடுத்தால் போதும். அதைவிட முக்கியம் கூரை. மெட்ராஸ் டெரஸ் (மரவிட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக் கூரை) என்றால், மழைநீர் தேங்கி விட்டத்தின் முனை சுவருக்குள்ளேயே மக்கியிருக்கும், வெளியே தெரியாது. நம்ம மேரி கட்டடம், அந்தப் பழைய நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் விழுந்ததே!

மஞ்சக்குப்பத்தான்:
அண்ணனை ஒருநாள் வைசியாள் வீதிக்குக் கூட்டிப் போங்கள். தனி வீடாக இல்லாமல் தெருவாகவே சீர்செய்தார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அதுவும் தமிழர் தெருதான், சார்.

வாய்க்கால்மேற்கு:
சரி, ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார். விட்டத்தைத் தட்டிப் பார்க்க ஆசாரி யாரைப் பிடிப்பது?

காரைப்பூச்சு:
பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் கிளையில் கேளுங்கள். மேஸ்திரியிடம் இப்போதைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.